கல்லில் ஐம்பத்து மூன்று கோடுகள்

நிலையம்: செவ்வாய், வடக்குப் பள்ளத்தாக்கு ஆய்வுக்கூடம்
எழுதுபவர்: கோமதிநாயகம், பாறையியலாளர்

நாள் 212

08.10
காற்று சரி. குடிநீர் 340 லிட்டர். மின்கலம் 71 சதவீதம். உள்ளே 19 டிகிரி, வெளியே மைனஸ் 64. நிலையத்தில் இருப்பவர்: ஒருவர்.

மூன்று கற்களை அறுத்து, தகடாக்கி, உருப்பெருக்கியில் பார்த்தேன். எரிமலைக் கல் இரண்டு, களிமண் கல் ஒன்று. புதிதாக எதுவும் இல்லை. அறுக்கும் தட்டு தேய்ந்துவிட்டது. இன்னும் இருபது கற்கள் தாங்கும்.

14.30
சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. பொட்டலத்தைப் பார்த்து எழுதுகிறேன்: பருப்புச் சாதம்.

பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பும் அறிக்கை வேறு, இந்தக் குறிப்பு வேறு. இது, பிறகு இந்த நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு. முன்பு இங்கே இருவர் இருந்தோம். நான் கல்லைப் பார்ப்பவன். ஃபரீதா இயந்திரங்களைப் பார்ப்பவள். நாள் 171 அன்று கிழக்குச் சரிவு இடிந்து அவள் இறந்தாள். வயது முப்பத்து நான்கு. ஊர் கீழக்கரை.

மருத்துவக் குழு வாரம் ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறது. தூக்கம், பசி, அழுகை, கோபம். நான்குக்கும் 'வழக்கம்போல்' என்று நிரப்புகிறேன். அழுகை என் வழக்கத்தில் இல்லாததால் அதுவும் பொய்யாகாது.

நாள் 214

09.00
புயல். நேற்று மதியம் தொடங்கியது. பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவர் தெரியவில்லை. சூரியத் தகடுகளில் வரும் மின்சாரம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மின்கலம் 63.

பெரிய அலைவாங்கித் தட்டு திரும்ப மறுக்கிறது. சுழலும் பகுதியில் தூசி புகுந்திருக்கும். இதைச் சரிசெய்யத் தெரிந்தவள் இல்லை. சிறிய வாங்கி மட்டும் வேலை செய்கிறது. மேலே சுற்றும் செயற்கைக்கோள் ஒரு நாளைக்கு இரண்டு முறை, முறைக்குப் பதினொரு நிமிடம், நம் தலைக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் எழுத்து போகும், எழுத்து வரும். படம் போகாது, குரல் போகாது.

தரையில் தொடர்புப் பணியில் இருப்பவன் எட்வின் ஞானதாஸ். நாகர்கோவில்காரன். அவன் செய்தி:

"சார், தட்டத் திருப்பப் போயி வெளிய நிக்காதீங்க. காத்து அடங்கட்டும். நாள் 240 வரைக்கும் புயல் இருக்கும்னு இங்க கணக்கு. அதுவரைக்கும் கரண்ட பாத்துச் செலவு பண்ணுங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று பதில் அனுப்பினேன். பிறகு சாப்பிட்டேன்.

நாள் 215

11.20
அறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். மின்சாரம் அதிகம் இழுக்கிறது. வேலை இல்லை. ஆய்வறையைத் துடைத்தேன்.

மேற்கு அலமாரி ஃபரீதாவுடையது. அதில் இருப்பவை மாதிரிகள் அல்ல. எண் இல்லாத கற்கள். வெளியே போகும்போதெல்லாம் ஒன்றைப் பொறுக்கி வருவாள். கல்லின் கோட்டில் எதையாவது பார்ப்பாள். அடியில் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதுவாள். பத்தொன்பது கற்கள். சில பெயர்களை இங்கே பதிகிறேன்: 'கரண்ட் போன தெரு'. 'சீலா மீனு வாங்குற சண்ட'. 'வாப்பா கண்ணாடியத் தேடுறாக'. 'ஒண்ணுமே இல்ல, ஆனா நல்லாருக்கு'.

அவள் தங்கை ரமீஸா திருப்பூரில் ஒரு துணி அச்சு ஆலையில் வடிவமைப்பாளர். வாரக் கடைசியில் சொந்த உபயோகத்துக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் ஃபரீதா கற்களைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்புவாள். ரமீஸா அந்தக் கோடுகளை எடுத்துத் துணியில் போடுவாள். எங்கள் கற்கள் சேலையாகவும் சட்டையாகவும் திரிகின்றன என்று ஃபரீதா சொல்வாள். "சார் நீங்க அறுத்துத் தூளாக்குறீங்க. நாங்க உடுத்துறோம்."

நான் அப்போது அவளுக்குச் சொன்னதையும் பதிகிறேன். விரிசலில் நீர் போகும்போது மாங்கனீசு படியும். படிவது கிளை கிளையாகப் பரவும். அது மரமும் அல்ல, தெருவும் அல்ல. மனிதக் கண் எதிலும் எதையாவது பார்க்கும், அது கண்ணின் குறை. இப்படிச் சொன்னேன். சொன்னது அறிவியல்படி சரி.

நாள் 216

16.40
மாலைச் சுற்றில் எட்வின் ஒரு செய்தியை அப்படியே கடத்தியிருக்கிறான்.

"சார், நான் ஃபரீதா லாத்தாவோட தங்கச்சி ரமீஸா. உங்களுக்கு எழுதலாமான்னு கேட்டேன், எழுதச் சொன்னாங்க. லாத்தா கடைசியா ஒரு கல்லு எடுத்தான்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு. அது எனக்கு எடுத்ததா இருக்கும். அந்தக் கல்லு அங்க இருக்கா சார்? அதுல என்ன கோடு இருக்கு? உம்மா கேக்கல. நாந்தான் கேக்குறேன்."

கல் இருக்கிறது. அவள் இடுப்புப் பையில் இருந்தது. பையை நாள் 171 அன்று கழற்றி, அதன் வாயை ஒட்டி, ஆய்வறையின் கீழ்த்தட்டில் வைத்தேன். திறக்கவில்லை.

அடக்கத்தைப் பற்றி அறிக்கையில் சுருக்கமாகத்தான் எழுதினேன். முகத்தை மக்கா பார்த்து வைக்க வேண்டும் என்று அவள் வாப்பா கேட்டார். இங்கிருந்து மக்கா என்பது பூமி. பூமியோ வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எந்த நேரத்துத் திசை என்று கேட்டு அனுப்பினேன். அவர் பதில்: "குழியில எறக்குறப்ப எங்க இருக்கோ, அங்க. அதுக்கு மேல அல்லா பாத்துக்குவான் தம்பி." தரைக் குழு கணக்குப் போட்டுக் கோணம் தந்தது. இருநூற்று நாற்பத்தொரு பாகை. அப்படியே வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

நாள் 217

10.15
மின்கலம் 48. பையைத் திறந்தேன்.

கல்: களிமண் வகை, தட்டையானது, பதினான்கு சென்டிமீட்டர் அகலம், ஒன்பது உயரம், இரண்டு தடிமன். ஒரு பக்கம் பழைய விரிசலின் முகம். அதில் கறுப்புக் கோடுகள். மேலே சிவப்புத் தூசி ஒட்டியிருப்பதால் முழுதாகத் தெரியவில்லை. இடது மேல் மூலையை மட்டும் தூரிகையால் தட்டினேன். மாங்கனீசுதான். நம்மிடம் இதுபோல் முப்பது மாதிரிகள் உண்டு.

எதுவும் தோன்றவில்லை. பத்து நிமிடம் கையில் வைத்திருந்தேன். எடை நானூறு கிராம் இருக்கும் என்று தோன்றியது. நிறுத்துப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு.

16.50
ரமீஸாவுக்குப் பதில் அனுப்பினேன்: கல் இருக்கிறது, படம் அனுப்ப வழியில்லை, கோடுகளை எண்களாக அனுப்ப முடியும். கல்லின் முகத்தைக் குறுக்கே நூறு, நெடுக்கே நூறு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கோடும் எந்தெந்தக் கட்டம் வழியாகப் போகிறது என்று எழுதுவேன். அங்கே கட்டத்தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால் கோடு கிடைக்கும்.

நாள் 218

09.30
"சார், கட்டத்தாள் வாங்கிட்டேன். அனுப்புங்க."

மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக வருகிறேன். ஒவ்வொரு கட்டமாகத் தூசியைத் தட்டுகிறேன், உருப்பெருக்கியில் பார்க்கிறேன், எண்ணை எழுதுகிறேன். ஒரு கோட்டுக்கு இருபது, இருபத்தைந்து புள்ளி. இன்று ஐந்து கோடு. அனுப்புவதற்கு ஒரு நாளைக்கு இரண்டரை சதவீதம் மின்கலம் குறையும்.

16.45
எட்வின்: "சார், புயல் முடிஞ்சா போட்டோவாவே அனுப்பிரலாமே. அந்தப் பொண்ணுட்ட நான் சொல்லுறேன். இப்ப கரண்ட்தான் முக்கியம்."

அவன் சொல்வது சரி. ஏன் காத்திருக்கவில்லை என்பதற்கு இங்கே எழுதக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கோட்டைத் தொடரும்போது மட்டும் கை என்னுடையதாக இருக்கிறது. இதைக் காரணமாகத் தரைக்கு எழுத முடியாது.

நாள் 220

12.00
மின்கலம் 38. படுக்கை அறை, சமையலறை, பட்டறை மூன்றிலும் வெப்பத்தை நிறுத்திவிட்டு ஆய்வறைக்குள் வந்துவிட்டேன். உள்ளே 11 டிகிரி. இரண்டு சட்டை போட்டிருக்கிறேன். பேனா மை இறுகுகிறது, பென்சிலுக்கு மாறினேன்.

இதுவரை பதினைந்து கோடு போயிருக்கிறது.

16.55
எட்வின்: "ஒரு ரூமுக்குள்ள இருந்து, அனுப்புறத நிறுத்துனீங்கன்னா நாள் 240 வரைக்கும் தாங்கும் சார். அனுப்பிக்கிட்டே இருந்தா தாங்காது. கணக்கு உங்களுக்குத் தெரியும். தயவுசெஞ்சு."

ரமீஸா: "சார், இடது பக்கம் வந்திருச்சு. ஜனம் கெளம்பிப் போற மாதிரி இருக்கு. சந்தைக்கோ பெருநாள் தொழுகைக்கோ. எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சு நடக்குறாங்க. உங்களுக்கு என்ன தெரியுது?"

எனக்கு மாங்கனீசு தெரிகிறது. அப்படி எழுதி, அழித்து, 'இன்னும் பார்க்கவில்லை' என்று அனுப்பினேன்.

நாள் 221

15.10
இருபதாவது கோடு. நீளமானது, நாற்பது புள்ளி. மெதுவாகத் தொடர்ந்தேன். ஓர் இடத்தில் கோடு நிற்கிறது, தடிக்கிறது, பிறகு இரண்டாகப் பிரிகிறது. அந்த இடத்தில் என் பென்சிலும் நின்றது. பிறகு ஒரு பக்கம் போய், திரும்பி வந்து, மறுபக்கம் போனது.

நீரும் இங்கே இப்படித்தான் நின்றிருக்கும். வழி தேடியிருக்கும். இது நடந்து முந்நூறு கோடி ஆண்டு இருக்கும். அந்தத் துளிக்குப் பிறகு இந்த வழியாக யாரும் போனதில்லை. இப்போது என் கை போகிறது.

இருபத்தாறு ஆண்டு கல் பார்த்திருக்கிறேன். ஒரு கோட்டைக்கூட இதற்குமுன் கையால் வரைந்ததில்லை. படமெடுத்திருக்கிறேன், அறுத்திருக்கிறேன், அளந்திருக்கிறேன்.

இன்று கல்லின் விளிம்பில் கோடு முடிந்த பிறகும் பென்சில் நிற்கவில்லை. கல் உடையாமல் இருந்திருந்தால் அந்தக் கோடு எங்கே போயிருக்கும் என்று மேசைமேல் வரைந்துகொண்டு போனேன். மேசை விளிம்பு வந்ததும் நிறுத்தினேன். இது அறிவியல் அல்ல. அழிக்கவும் இல்லை.

நாள் 222

09.50
மின்கலம் 30. உள்ளே 9.

ரமீஸா: "சார், ஒண்ணு கேக்கணும். அந்தக் கல்லப் பாத்து லாத்தா என்ன சொன்னா? அவ சும்மா எடுக்க மாட்டா. ஏதாச்சும் பேரு வச்சிருப்பா. கடைசியா பேசுனது உங்ககிட்டதானே."

13.00
விபத்து அறிக்கையில் நான் எழுதிய வரி: 'பொறியாளர் அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டிச் சரிவில் நின்றார்.' அடுத்த வரி: 'தலைக்கவச ஒலிப்பதிவு பழுதானதால் இணைக்கப்படவில்லை.'

முதல் வரியில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இரண்டாம் வரி பொய். ஒலிப்பதிவு நிலையத்தின் நினைவகத்தில் இருக்கிறது. இன்று கேட்டேன். அதிலிருந்து:

ஃபரீதா: "சார், இங்க ஒண்ணு கெடக்கு. கேமராவுல தெரியுதா?"

நான்: "மாங்கனீசுதான். நம்மகிட்ட முப்பது கெடக்கு. மேல ஏறி வா."

ஃபரீதா: "ஒரே ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

கல்லைக் கேமராவின் பக்கத்தில் பிடித்தாள்.

நான்: "கொஞ்சம் திருப்பு."

நான்: "இன்னும் கொஞ்சம். வெளிச்சம் விழுற மாதிரி."

ஃபரீதா: "பாத்தீங்களா. ஒங்களுக்கே புடிச்சிருச்சு."

நான்: "பேசாம நில்லு. அசையாத."

நான்கு நிமிடம் பத்து விநாடி. அவ்வளவு நேரம் அவளைச் சரிவில் நிறுத்திவைத்து அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன பார்த்தேன் என்று இப்போது நினைவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவை.

இடது திரையில் சரிவின் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்ற மண்ணில் வலை போல விரிசல்கள் அகன்றுகொண்டிருந்தன. மண்ணில் விழும் விரிசலைப் படிப்பதுதான் என் தொழில். அந்த வேலைக்குத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். நான் அவள் கேமரா காட்டிய வலது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 223

09.55
மின்கலம் 26.

இன்று கோடுகள் மூன்றுதான். மிச்ச நேரத்தில் மேலே எழுதியிருப்பதை ரமீஸாவுக்கு அனுப்பினேன். நான்கு நிமிடம் பத்து விநாடியை அனுப்பினேன். விரிசலை அனுப்பினேன். அறிக்கையில் எழுதிய பொய்யையும் அனுப்பினேன். பெயர் எதுவும் அவள் வைக்கவில்லை, வைக்க நேரம் கிடைக்கவில்லை என்று எழுதினேன்.

எட்வின் வழியாகத்தான் போக வேண்டும். அவனும் படிப்பான். படிக்கட்டும்.

17.00
பதில் இல்லை.

நாள் 224

17.05
காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. எட்வின் அனுப்பியது ஒரே வரி: "சார், அங்க கொண்டு சேத்துட்டேன்."

ஏழு கோடு அனுப்பினேன். அவள் வரைகிறாளா என்று தெரியாது. உள்ளே 7 டிகிரி.

நாள் 225

14.20
பதில் இல்லை. மின்கலம் 18.

சுவரில் வரைகிறேன். ஆய்வறையின் தெற்குச் சுவர் வெள்ளை. கல்லில் எண் போடும் வைரமுனைப் பேனாவால் கீறினால் கறுப்பாக விழுகிறது. கல்லின் கோடுகளை பத்து மடங்கு பெரிதாக்கினேன். பிறகு கல்லில் இல்லாதவற்றையும் சேர்த்தேன். எங்கே பிரிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது கைக்குத் தெரிகிறது. தப்பாகப் போனால் அதுவும் தெரிகிறது.

ரமீஸா சொன்ன ஜனத்தை இன்று பார்த்தேன். சாய்ந்துதான் நடக்கிறார்கள்.

இடது கைச் சுண்டுவிரலில் உணர்ச்சி இல்லை. மற்ற விரல்களிலும் பெரிதாக இருந்ததில்லை என்பதால் எப்போது போனது என்று சொல்ல முடியவில்லை.

நாள் 226

10.00
ரமீஸா:

"சார், ரெண்டு நாளா கட்டத்தாளத் தொடல. உம்மாகிட்ட சொல்லல. வாப்பாகிட்ட சொன்னேன். வாப்பா எந்திரிச்சுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாங்க. நீங்க சொன்னதுக்கு நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன். மீதிக் கோட்ட அனுப்புங்க. வலது பக்கம் கீழ் மூலை காலியா கெடக்கு. அத அப்படியே விட முடியாது."

இதைப் பத்து முறை படித்தேன். மன்னிப்பு இல்லை. மன்னிப்பைத் தேடித்தான் படித்தேனா என்று தெரியவில்லை.

16.50
எட்வின்: "சார், நாங்க எல்லாரும் சேர்ந்து கேக்குறோம். 14 சதவீதம்தான் இருக்கு. இன்னும் ஒரு கோடுகூட அனுப்பாதீங்க. அது உத்தரவுன்னு எழுதச் சொல்லுறாங்க. நான் கெஞ்சுறேன்னு எழுதுறேன்."

நாலு கோடு அனுப்பினேன்.

நாள் 227

11.30
மின்கலம் 10. உள்ளே 5.

காலையில் ஐந்து கோடு. ஐம்பத்து மூன்று முடிந்தது. தூசி தட்டிய வரை மாங்கனீசுக் கோடு அவ்வளவுதான்.

15.00
வலது கீழ் மூலையில் கடைசிக் கட்டங்களின் தூசியைத் தட்டினேன். கேமராவில் பார்த்தபோது அந்த மூலையை அவள் கையுறை மறைத்திருந்தது.

அங்கே இன்னொரு கோடு இருக்கிறது. கறுப்பு அல்ல, வெள்ளை. மற்றக் கோடுகளுக்குக் குறுக்கே போகிறது. வில் போல வளைந்திருக்கிறது. ஒரு முனை ஆழம், மறுமுனை மயிரிழை.

இது புதிய கீறல். கையுறையை மணிக்கட்டில் பூட்டும் உலோக வளையம் உரசியது. வளைவின் அளவு பொருந்துகிறது.

உருண்டு விழும் கல்லில் அடிபட்ட புள்ளிகள் இருக்கும், நொறுங்கல் இருக்கும். இப்படி ஒரு நீளமான வளைகோடு, மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்த கல்லில்தான் விழும்.

விதிப்படி, மாதிரியில் ஏற்பட்ட சேதத்தை வரையக்கூடாது.

நாள் 228

09.20
மின்கலம் 6. ஐம்பத்து நான்காவது கோட்டை அனுப்பினேன். புள்ளிகள் மட்டும். பதினேழு புள்ளி. 'வெள்ளை நிறம்' என்று சேர்த்தேன். வேறு எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியது இருக்கிறது. அது மாலைச் சுற்றுக்கு.

12.40
ஒலிப்பதிவு நான் நாள் 222-இல் எழுதியதோடு முடியவில்லை. அன்று அங்கேயே நிறுத்தினேன். மீதி இது:

ஃபரீதா: "சார், காலுக்குக் கீழ என்னமோ இழுக்குது."

நான்: "கல்ல விட்டுராத."

அதற்குப் பிறகு ஆறு விநாடி.

அவள் வலது பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், நாங்கள் கட்டிய கயிறு இருந்தது. அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

நான் சொல்வதை அவள் எப்போதும் கேட்பாள். கேட்டுவிட்டுக் கேலி செய்வாள், ஆனால் கேட்பாள்.

15.30
ரமீஸாவுக்கு எழுதி முடித்துவிட்டேன். நான்கு வரி. நான் சொன்ன இரண்டு சொல், கயிறு, வளையம், வெள்ளைக் கோடு எப்படி விழுந்தது. செயற்கைக்கோள் 16.02-க்கு வரும்.

16.03
அவள் செய்தி முந்திக்கொண்டது.

"சார், கடைசிக் கோடு வந்துச்சு. இதுதான் சார் உயிரு. மத்ததெல்லாம் இதுக்காகக் காத்திருந்த மாதிரி இருக்கு. ஜனத்துக்கு நடுவுல ஒருத்தி மட்டும் திரும்பி நின்னு ஒரு பிள்ளையத் தூக்கி அணைச்சுக்கிற மாதிரி. துணி கருநீலம், ஜனம் கறுப்பு, இந்தக் கோடு மட்டும் வெள்ளை. முதலாளிகிட்ட காட்டினேன், நாளைக்கு அச்சுக்குப் போகுது. உம்மாவுக்கு முதல் சேலை. லாத்தா இதத்தான் எனக்குக் காட்ட நெனச்சிருக்கா. இப்ப புரியுது."

16.08
நான்கு வரி திரையில் இருக்கிறது.

அனுப்பாவிட்டால் அந்தச் சேலை சேலையாக இருக்கும். அவள் உம்மா உடுத்துவாள். இங்கே நினைவகத்தை அழிப்பது சுலபம். பிறகு இங்கே வரும் உங்களுக்கும் தெரியாமல் போகும்.

அனுப்பினால் தன் கையால் வரைந்தது என்ன என்று ரமீஸாவுக்குத் தெரியும். நாளை காலை அச்சு.

16.11
அனுப்பிவிட்டேன்.

16.14
செயற்கைக்கோள் போய்விட்டது. அடுத்த சுற்று நாளை காலை 9.40. மின்கலம் 4. வெப்பமூட்டி ஓடினால் இன்று இரவுக்குள் எல்லாம் நின்றுவிடும். அதை நிறுத்தினால் திரையும் வாங்கியும் நாளை மதியம் வரை தாங்கும்.

அவள் என்ன எழுதினாலும் அதைப் படிக்க நான் இருக்க வேண்டும். அது என் பங்கு.

வெப்பமூட்டியை நிறுத்தினேன். வெளியுடையை மாட்டிக்கொண்டேன். அதிலும் ஆறு மணி நேரத்துக்குத்தான் சூடு. மீதி நேரத்துக்குப் போர்வைகள்.

நாள் 229

09.35
உள்ளே மைனஸ் 22. பென்சில் பிடிக்க வரவில்லை. ஒரு விரலால் தட்டுகிறேன்.

கல் மடியில். எடை தெரியவில்லை

09.41
பச்சை விளக்கு. செய்தி இரண்டு. எட்வின் ஒன்று. அது பிறகு

09.43
அவள்தான். எப்போதும் சார் என்று தொடங்குவாள். இன்று அந்தச் சொல் இல்லை.

நீளமாக எழுதியிருக்கிறாள்.

படிக்கிறேன்